கடைசி வீடு

டிசம்பர் பிறந்தால் எங்கள் சபையின் பாடகர் குழு ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சபையார் வீடுகளுக்கெல்லாம் போய்க் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடிவிட்டு வரும். கேரல் ரவுண்ட்ஸ் என்போம். ஒரு நாள் சேலையூர், ஒரு நாள் பெருங்களத்தூர், ஒரு நாள் சிட்லபாக்கம் என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்துக்கொள்வார்கள். சிட்லபாக்கத்துக்குக் கடைசி வீடு எங்களுடையது. இதை யாரும் கமிட்டியில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. என் கணவர் அந்தக் குழுவில் பேஸ் பாடுகிறவர், அதாவது நான்கு குரல்களில் அடிக்குரல். பாடி முடித்ததும் அப்படியே வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பதால் தன் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டார். கடைசி வீடு என்றால் சாப்பாடு போட வேண்டும். இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் நாற்பது பேருக்குச் செய்து வைத்துவிட்டு, வருஷா வருஷம் நான் வாசலில் நிற்பேன்.

அவர் செய்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். வேன் தெருமுனையில் நிற்கும்போதே இறங்கி ஓடி வருவார். கேட்டைத் திறப்பார், போர்ட்டிகோ விளக்கைப் போடுவார், என்னைப் பார்த்து, "கேரல் வந்தாச்சு" என்று அறிவிப்பார். பிறகு மறுபடி ஓடிப் போய்ப் பேஸ் வரிசையில் நின்றுகொண்டு, தன் வீட்டைப் பார்த்துத் தானே பாடுவார். பாட்டு முடிந்ததும் வீட்டுத் தலைவர் ஒரு ஜெபம் செய்ய வேண்டும். உடனே வரிசையை விட்டு வெளியே வந்து வீட்டுத் தலைவராகி ஜெபம் செய்வார். கடைசியில் கையைக் கூப்பி, "அடுத்த வருஷமும் தவறாம வாங்க" என்பார். அதே குழுவில் அடுத்த வருஷமும் வரப்போகிறவர் அவர்தான். எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வேடிக்கை, ஒரே சிரிப்பு. எனக்குச் சில வருஷம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவர்கள் எங்கள் வீட்டில் பாடுவது எப்போதும் ஒரே பாட்டு. குழுவின் பழைய பாட்டு. அதில் ஒரு இடத்தில் மற்ற மூன்று குரல்களும் நின்றுவிடும். பேஸ் மட்டும் தனியாக நான்கு சுரம் கீழே இறங்கும். இறங்கி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து எழும்புவார்கள். இந்த நான்கு சுரத்துக்காக மனிதர் நவம்பர் முழுக்கக் குளியலறையில் சாதகம் பண்ணுவார். "நாலே நாலு சுரம். அதுக்கு ஒரு டேங்க் தண்ணி" என்று நான் கதவுக்கு வெளியே நின்று திட்டுவேன். உள்ளேயிருந்து பதில் நான்கு சுரமாக வரும்.

காத்திருப்பது அவருக்கு ஒரு சுகம். ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த மனிதர், ஆனாலும் ரயில் விஷயத்தில் அப்படி ஒரு பதற்றம் என்று முதலில் நினைத்தேன். பதற்றமே இல்லை. ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் முன்பே தாம்பரம் ஸ்டேஷனில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வண்டி வரும் திசையைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். "வண்டி வரப்போகுதுங்கிறதே பாதி சந்தோஷம்" என்பார். "இயேசு சாமி திரும்பி வரும்போது பிளாட்பாரத்தில உங்களைத்தான் முதல்ல பார்ப்பார், அவரே கூச்சப்பட்டுப் போவார்" என்று கிண்டல் செய்வேன். அதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

நான் வேறு மாதிரி. டிரங்க் கால் காலத்திலேயே டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். லைனில் இருங்கள், லைனில் இருங்கள் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியே வயதாகிவிட்டது. அப்படிச் சொன்னபின் எத்தனை பேர் உண்மையில் லைனில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சபையில் நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பிரசங்கம் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் கேட்பேன். நம்பவில்லை என்றில்லை. எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்று தெரியும். எப்போது எடுப்பார் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு.

போன வருஷம் ஆகஸ்டில் அவருக்கு வயிற்று வலி என்று தொடங்கியது. வாயு என்றார், மாங்காய் என்றார், என் சமையல் என்றார். ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி. கல்லீரல் வரை பரவியிருந்தது. டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிறிஸ்துமஸுக்கு இருப்பாரா என்று கேட்டேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "பார்க்கலாம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

செய்தி பரவியதும் ஜெபிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் வீட்டில் ஒரு வியாதிக்காரர் இருந்தால், வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆண்டவர் நேரில் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறார். ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பிரதர் எழுந்து நடப்பதைத் தான் பார்த்துவிட்டதாகச் சொன்னார். எங்கே நடந்து போனார் என்று கேட்க நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு காபி போடப் போனேன். இன்னொருவர் என்னைத் தனியாக அழைத்து, "உங்க முகத்தில விசுவாசம் கம்மியா தெரியுது சிஸ்டர்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சர்க்கரை போடாமல் காபி கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு ஒரு நாள் மாலை என் கணவர் சொன்னார். கட்டிலில் சாய்ந்திருந்தார். மேலே விமானப்படை விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போகும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பேசினார்.

"இவங்க எல்லாம் சுகம் சுகம்னு கேக்கிறாங்க. நான் அதைக் கேக்கலை."

"வேற என்ன கேக்கிறீங்க?"

"கேரல் வரும்போது கேட்டுக்கு எதிர்ல உக்காந்திருக்கணும். நிக்க முடியாது, தெரியும். உக்காந்துக்கிட்டு அந்த நாலு சுரத்தையும் நான் பாடிடணும். அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவர் இஷ்டம்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கேட்கிறதுதான் கேட்கிறீர், கொஞ்சம் பெரிதாகக் கேட்டால் என்ன? இன்னும் பத்து வருஷம் கேளுமே! பேரப்பிள்ளையைப் பார்க்கக் கேளுமே! இந்த மனிதருக்குக் கடவுளிடம்கூடப் பேரம் பேசத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே அந்த நாளை நோக்கித்தான் நடந்தது. டோஹாவில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகன் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வீடியோ காலில் வருவான். கேரல் பேச்சு வந்தால் அப்பாவும் மகனும் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தான். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வருவாள். பூ வைத்து, பொட்டு வைத்து, வாயில் ஓயாத பேச்சோடு வருவாள். அவளுக்கு இவருடைய ஆசை தெரிந்ததும் தானே பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

"இன்னா சார், இன்னிக்கு இன்னும் பாடவே இல்ல? எளுந்து உக்காரு சார். அந்த நாலு எறக்கத்தையும் எறக்கிட்டாதான் கஞ்சி" என்று மிரட்டுவாள்.

முதலில் இரண்டு சுரம்தான் வந்தது. மூன்றாவதில் வெறும் காற்று. நவம்பர் கடைசியில் மழை கொட்டி ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற வாரத்தில் மூன்று வந்தது. டிசம்பர் தொடங்கியதும், நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு நான்கையும் பாடிவிட்டார். அந்தப் பெண் கைதட்டினாள். நான் சமையலறையில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கிழக்குத் தாம்பரம் கடையில் ஸ்டார் வாங்கி வந்து மாடிக் கைப்பிடியில் கட்டினோம். சிவப்புதான் வேண்டும் என்று கட்டிலிலிருந்தே உத்தரவு போட்டிருந்தார்.

எங்கள் ஏரியாவின் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. இப்போதெல்லாம் விடிய விடியப் பாட முடியாது, பத்து மணிக்குள் மைக்கை நிறுத்திவிட வேண்டும். ஆறு மணிக்கே அவரைத் தயார் செய்துவிட்டோம். வெள்ளைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய். மூங்கில் நாற்காலியைப் போர்ட்டிகோவில் கேட்டுக்கு நேராகப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார வைத்தோம். கையில் பாட்டுத் தாள். அது இல்லாமலே அவருக்கு வரும், இருந்தாலும் பாடகன் கையில் தாள் இருக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் கடைசி பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பாயாவை இறக்கி வைத்துவிட்டு வந்து கொசுவத்தி ஏற்றினேன்.

எட்டு மணிக்குமேல் தூரத்தில் டிரம் சத்தம் கேட்டது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு. பிறகு அடுத்த தெரு. பாட்டின் வார்த்தைகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"வந்துகினே கீறாங்க சார், இதோ வந்துட்டாங்கோ" என்றாள் அந்தப் பெண்.

பாட்டு நின்றது. ஜெபம் செய்கிறார்கள் என்றார் அவர். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. எங்கள் தெருமுனையில் அதன் வெளிச்சம் ஒரு நிமிஷம் சுவரில் விழுந்தது. வேனுக்குள் யாரும் பாடவில்லை, பேசவும் இல்லை. வேன் மெதுவாக முனையைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"வேற யாரோ புதுசா குடி வந்திருப்பாங்க. அங்க போயிட்டு வருவாங்க. நாமதானே கடைசி" என்றார்.

ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. பத்தும் தாண்டியது. அந்தப் பெண் எழுந்து போய்த் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். தூறல் தொடங்கியது. உள்ளே போகலாம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவர் கால் இரண்டும் சில்லிட்டுப் போயிருந்தன. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் தூக்கித்தான் உள்ளே கொண்டு போனோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முப்பது வருஷம் பாடிய மனிதனை ஒரு பேச்சுக்குக்கூட எட்டிப் பார்க்காமல் போகிறார்களே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இன்னும் வரலை, அவ்வளவுதானே. வரமாட்டேன்னா சொன்னாங்க?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பாடகர் குழுத் தலைவிக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவள், எங்கள் வீட்டுப் பாயாவைத் தின்று வளர்ந்தவள். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஆன்ட்டி... உங்களுக்குத் தெரியாதா? தம்பிதான் டோஹாலேர்ந்து போன் பண்ணினாங்க. அப்பா ரொம்ப வீக்கா இருக்காங்க, கூட்டமா வந்து டிரம்ஸ் அடிச்சா தாங்க மாட்டாங்க, இந்த வருஷம் வேணாம்னு. அதான் தெருமுனையில வேனை ஸ்லோ பண்ணி, எல்லாரும் மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டுப் போனோம். சத்தம்கூடப் போடலை ஆன்ட்டி."

அவர்கள் ஜெபம் பண்ணிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கேட்டுக்குள் இந்த மனிதர் தொண்டையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மகனை அழைத்தேன். கத்த வேண்டும் என்றுதான் அழைத்தேன். அவன் முந்திக்கொண்டான். "டாக்டர்தான்மா சொன்னார், எக்சைட் ஆகக் கூடாதுன்னு. பாட ட்ரை பண்ணுவார்மா அவர். பாடும்போது ஏதாவது ஆச்சுன்னா நீ தனியா என்னம்மா பண்ணுவே? நான் இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்?" குரல் உடைந்தது. அவன் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். அவனிடம் போய், உங்கப்பா நான்கு மணி நேரம் பனியில் உட்கார்ந்திருந்தார் என்று எந்த வாயால் சொல்வது? "சரிப்பா, நல்லதுக்குத்தானே பண்ணினே" என்று வைத்துவிட்டேன்.

அவரிடமும் மகன் செய்ததைச் சொல்லவில்லை. வேனில் ஏதோ கோளாறாம், சனிக்கிழமை பெரும்பாக்கம் ரவுண்ட்ஸ் முடித்துக்கொண்டு திரும்பும்போது ஏழு மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறார்களாம் என்றேன். சனிக்கிழமை வருவது உண்மை. பாட்டு டீச்சரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"பாத்தியா" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு, பழைய ஆபரேட்டர் வேலையையே நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமையிலிருந்து அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. வியாழன் முழுக்கத் தூக்கமும் மயக்கமுமாக இருந்தார். ஐயர் வந்து, எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அப்பத்தை நனைத்து நாக்கில் வைத்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார். மகன் டிக்கெட் போட்டுவிட்டான், சனிக்கிழமை மதியம் இறங்குவதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கண் திறந்தார். ரொம்பத் தெளிவாக என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"அப்ப நாளைக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டார். அந்தப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அம்மா, சாரு மூச்சு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றாள்.

நான் கடவுளிடம் கேட்டது அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள். அவர் பத்து வருஷம் கேட்கவில்லையே, சுகம் கேட்கவில்லையே. நான்கு சுரம் பாட ஒரு சாயங்காலம் கேட்டார். அதைக் கொடுத்தால் உமக்கு என்ன குறைந்துவிடும்? இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. வந்த மாதிரி நடிக்கவும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், ஜெபம் செய்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். மூன்றும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

அடக்கம் ஞாயிறு மதியம் ஆராதனைக்குப் பிறகு என்று முடிவானது. ஹாலில் ஐஸ் பெட்டியில் அவரை வைத்திருந்தோம். அவருடைய அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியதும், "சாவு வீட்ல ஸ்டார் தொங்கலாமா? கழட்டச் சொல்லு" என்றார். இருக்கட்டும் மதினி என்றேன். விளக்கையாவது அணைக்கட்டும் என்று அணைத்தார்கள். மகன் மூன்று மணிக்கு வந்தான். பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவன் நகரவே இல்லை.

ஏழு மணிக்குத் தெருமுனையில் வேன் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் அது துக்கம் கேட்க வருகிற வேன். நான் மட்டும் எழுந்து போய் வாசலில் நின்றேன். பாடகர் குழு முழுக்க வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். பாட்டு டீச்சரின் கண் வீங்கியிருந்தது. அடக்கப் பாடல் புத்தகத்தைப் பிரித்தாள்.

"அது நாளைக்குப் பாடலாம்மா" என்றேன். "இன்னைக்கு நீங்க வேற பாட்டுக்குத்தானே வர்றதா சொன்னீங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பதறினாள். மதினி எழுந்தார். "உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? பிணத்தை வச்சிக்கிட்டுக் கேரலா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மதினி. அவர் இதுக்குத்தான் உக்காந்திருந்தார்."

சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போனான். ஸ்டார் விளக்கைப் போட்டான். போர்ட்டிகோ விளக்கைப் போட்டான். கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு, "வெளியேர்ந்து வாங்க" என்று குழுவைக் கூப்பிட்டான்.

அவர்கள் தெருவுக்குப் போய்விட்டுப் பாடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். டிரம் இல்லை, கிட்டார் இல்லை, குரல் மட்டும். பக்கத்து வீட்டு மாடிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தப் பழைய பாட்டுதான். அழுதுகொண்டே பாடியதால் நன்றாக இல்லை. மேல்குரலான சோப்ரானோ பிசிறியது, இரண்டு பேர் வார்த்தையை விட்டுவிட்டார்கள். ஹால் வாசலுக்கு வந்து, பெட்டியைப் பார்த்து நின்றார்கள்.

அந்த இடம் வந்தது. மூன்று குரலும் நின்றன. பழக்க தோஷத்தில் டீச்சரின் கை பேஸ் வரிசைப் பக்கம் உயர்ந்தது. அங்கே நின்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை. டீச்சர் கையை இறக்கவும் இல்லை. நான்கு சுரத்துக்கான நேரம் முழுவதும் அந்தக் கை அப்படியே நின்றது. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து எழும்பினார்கள். மதினியும் பாடினார்.

பாட்டு முடிந்ததும் ஐயர் ஜெபம் செய்தார். அடுத்த வருஷமும் தவறாமல் வாங்க என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொருவராக என் கையைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான் பெட்டியின் அருகில் குனிந்து, "கேரல் வந்தாச்சு" என்றேன். அவர் நம்பியது நடக்கவில்லை என்று அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நடந்தது என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

கூட்டம் குறைந்த பிறகு மகன் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். அந்தப் பெண் அடுத்த வீட்டிலிருந்து டீ வாங்கி வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"அம்மா, திங்கட்கிழமை அப்பா வெளிய உக்காந்திருந்தாரா? ரொம்ப நேரமா?"

அவன் முகம் சின்ன வயதில் பாத்திரம் உடைத்துவிட்டு நிற்பானே, அப்படி இருந்தது.

"இல்லப்பா. கொஞ்ச நேரம் காத்தாட உக்காந்திருந்தார். மாத்திரை போட்டதில சீக்கிரமே தூங்கிட்டார். அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

அவன் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் டீயை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆமா தம்பி. ஏளு மணிக்கே நல்லா தூங்கிட்டாரு சாரு. நான்தான் போத்தி வுட்டேன்" என்றாள்.

அவன் நம்பினானா என்று தெரியாது. டீயை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனான். போர்ட்டிகோவில் அந்த மூங்கில் நாற்காலி திங்கட்கிழமை போட்ட இடத்திலேயே, தலையணை இரண்டும் நனைந்து உலர்ந்து கிடக்க, கேட்டைப் பார்த்தபடி இருந்தது. அதில் போய் உட்கார்ந்தான். டீ ஆறும்வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.